கோச் பாஸ்பி நல்லா இருக்கணும்

ஆரஞ்சு மெர்வின் கல்லூரியின் நிறம் என்பதால், ஹாலோவீன் பண்டிகைக்கு எங்கள் வீட்டு வாசலில் பூசணிக்காய்கூட வைக்கவிடாதவர் என் கணவர் வெண்டல். அவர் படித்தது எதிரிக் கல்லூரியான கிராண்டியில். அப்படிப்பட்டவர் சனிக்கிழமை அமெரிக்கக் கால்பந்து மேட்ச் ஓடிய டிவி முன்னால் மண்டியிடாத குறையாக, மெர்வின் ஜெயிக்க வேண்டும் என்று முனகிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மெர்வினில் படித்த என் தம்பி லைல், கோழி இறக்கையைக் கடித்தபடி தன் அணி தோற்கக் காத்திருந்தான்.

"ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?" என்றேன்.

"மெர்வின் கோச் பாஸ்பி மாதிரி ஒரு தத்தி எங்க கிடைப்பான்?" என்றார் வெண்டல். "இதையும் சேத்து மிச்சமிருக்கிற ரெண்டு மேட்ச்ல எதுல தோத்தாலும் அவனை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. விவரமான ஒருத்தன் வந்துட்டா நம்ம கதி?"

"எங்களையும் கொஞ்சம் வாழ விடுங்க மச்சான்," என்றான் லைல்.

கடைசி நொடியில் மெர்வின்காரன் உதைத்த பந்து கம்பத்தில் இடித்து, போனால் போகிறதென்று உள்ளே விழுந்தது. மெர்வின் ஜெயித்துவிட்டது. வெண்டல் சோபாவில் ஏறிக் குதித்தார். லைல் தலையில் கைவைத்தான்.

நான் காலித் தட்டை எடுத்தேன். "அடுத்த சனிக்கிழமை மெர்வின் ஆடுறது நம்ம கிராண்டியோட. உங்களுக்கு ஆரஞ்சு சட்டை ஒண்ணு வாங்கி வைக்கட்டுமா?"

வெண்டல் மெல்ல உட்கார்ந்தார்.

"நம்ம கிராண்டி ஒரே ஒரு பாயிண்ட்ல தோத்தா..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.