கண்ணாடிக்காரரின் கை

பிசியோ மேடம் வருகிறார் என்று தெரிந்ததும் கண்ணாடிக்காரர் செய்த முதல் காரியம், மனைவியின் முட்டிக்கு வாங்கியிருந்த துணிப்பட்டையை எடுத்துத் தன் வலது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டதுதான்.

"அது என் முட்டிக்கு வாங்கினது," என்றாள் மனைவி.

"தெரியும். சாயங்காலம் தந்துடறேன்."

"கையில என்ன?"

"படியில வழுக்கிட்டுது."

"நம்ம வீட்டுல ஏது படி?"

"கடையில."

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். கடையிலும் படி கிடையாது என்பது இருவருக்கும் தெரியும்.

கண்ணாடிக்காரர் கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி செய்து கொடுப்பவர். தெருவில் அவருக்கு அதுதான் பெயர். ஆனால் தினமும் கடை திறக்குமுன் கொஞ்ச நேரம், பின்னறையில், பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்பவர்களின் ஹாம் ரேடியோ முன் உட்கார்ந்து, முகம் பார்த்திராத மனிதர்களோடு மோர்ஸில் பேசுவார். அங்கே அவருக்கு வேறு மரியாதை. புள்ளியும் கோடுமாகத் தட்டிப் பேசும் அந்த உலகத்தில் ஒவ்வொருவர் தட்டும் விதத்துக்கும் 'கை' என்று பேர். குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது போல, கையை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்ணாடிக்காரரின் கை என்றால் எல்லோருக்கும் ஒரு வியப்பு. அவ்வளவு சீர், அவ்வளவு வேகம், ஒரு தடுமாற்றம் கிடையாது.

அந்தக் கை கம்ப்யூட்டருடையது.

ஏமாற்ற வேண்டும் என்று அவர் தொடங்கவில்லை. உடைத்த கப்பல்களின் சாமான் விற்கும் கடையில் மோர்ஸ் தட்டும் கருவியான அந்தப் பழைய கீயைப் பார்த்ததும் மனசைப் பறிகொடுத்தார். கறுப்புப் பலகை மேல் பித்தளைத் தண்டு, விரல் பட்டுப் பட்டு மழமழவென்று ஆகியிருந்த குமிழ், இன்னும் இழுவை போகாத ஸ்பிரிங். வாங்கி வந்து, ஒயர் மாட்டி, ஆசையாக உட்கார்ந்தார். காது அவருக்கு நல்ல காது. எவ்வளவு வேகமாக வந்தாலும் புரிந்துகொள்வார். தட்டத்தான் வரவில்லை. புள்ளி கோடாகும், கோடு புள்ளியாகும். ஒருநாள் மறுமுனையிலிருந்தவர், "மன்னிக்கவும், ஒன்றும் புரியவில்லை. பழகிவிட்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருக்கும் அலைவரிசை அது. கண்ணாடிக்காரருக்கு முகம் எரிந்தது.

மறுநாள் கீயைக் கழற்றி வைத்துவிட்டு, தட்டச்சு செய்தால் மோர்ஸாக மாற்றி அனுப்பும் மென்பொருளைப் போட்டுக்கொண்டார். அதில் ஒரு வசதி இருந்தது: மனிதன் தட்டுவது போல் அங்கங்கே இம்மி பிசகவிட்டு அனுப்பும். அதையும் தேர்ந்தெடுத்தார். அப்போதே ஏதோ உறுத்தியது. ஆனாலும் தேர்ந்தெடுத்தார்.

பிறகு குழுவினரின் வாட்ஸப்பில் கீயின் படத்தைப் போட்டார். அழகான பொருள், எல்லோரும் பார்க்கட்டுமே என்றுதான். "ஓ, இதில்தான் தட்டுகிறீர்களா, அதான் அப்படி ஒரு கை" என்று பேக்கரிக்காரர் எழுதினார். குழுவுக்கு மூத்தவர் அவர்தான். கண்ணாடிக்காரர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டார். அதோடு அது நிஜமாகிவிட்டது.

பிசியோ மேடமும் அந்தக் குழுவில் ஒருவர்; வேறு ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்ப்பவர். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்து உள்ளே தகடு வைத்திருந்தது. அதனால் அவர் கை கொஞ்சம் நொண்டும். ஒவ்வொரு முறை பேசி முடிக்கும்போதும், "என் மோசமான கைக்கு மன்னிக்கவும், உங்கள் கைக்கு முன் கூச்சமாக இருக்கிறது" என்பார். "பரவாயில்லை" என்று மட்டும் கண்ணாடிக்காரர் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆலோசனை சொன்னார். மணிக்கட்டைத் தளர்த்துங்கள், விடாமல் பழகுங்கள், வலி பழகப் பழகப் போய்விடும் என்று மென்பொருளில் தட்டச்சு செய்து அனுப்பினார்.

இப்போது மேடம் ஏதோ கூட்டத்துக்காக இந்த ஊருக்கு வந்திருக்கிறார். கீயைப் பார்க்க வேண்டும், கண்ணாடிக்காரர் தட்டுவதைக் கண்ணெதிரே கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். கண்ணாடிக்காரர் கம்ப்யூட்டர் மேல் மேஜைவிரிப்பைப் போட்டு மூடி, அதன்மேல் பூச்சாடியை வைத்தார். கீயைத் துடைத்து நடுவில் வைத்தார்.

மேடம் வந்தார். கலகலப்பான மனுஷி. செருப்பைக் கழற்றும்போதே, "அக்கா, சார் உங்ககிட்ட பேசற நேரத்தைவிட எங்ககிட்ட பேசற நேரம்தான் அதிகம். கோவிச்சுக்காதீங்க," என்றார்.

"எங்கிட்ட பேசினா நான் பதிலுக்குப் பேசுவேனே," என்றாள் மனைவி.

மேடமின் வலது கையில் கெட்டியான கறுப்புப் பட்டை ஒன்று இருந்தது. அதற்கு மேலும் கீழும் தோல் வீங்கிப் பளபளத்தது. கண்ணாடிக்காரர் பார்த்தார். கேட்கப் பயந்தார்.

கேட்டது மனைவிதான். "என்னம்மா, கை இப்படி வீங்கியிருக்கு?"

"ஊர்ல இருக்கறவங்க கையெல்லாம் சரி பண்றேன், என் கையைக் கெடுத்துக்கிட்டேன். சார் மாதிரி தட்டணும்னு ஒரு வெறி. ரெண்டு நோயாளிக்கு நடுவுல கொஞ்ச நேரம் கெடைச்சாக்கூட உக்காந்து தட்டினேன். வலிச்சா நிறுத்தணும்னு மத்தவங்களுக்குச் சொல்றவ நான்." சிரித்தார். பிறகு கண்ணாடிக்காரரின் கையைக் கவனித்தார். "அய்யோ, உங்களுக்கு என்ன ஆச்சு சார்?"

"ஒண்ணுமில்ல மேடம், லேசா வழுக்கிட்டுது. அதான் இன்னிக்குத் தட்டிக் காட்ட முடியாம..."

"அதை விடுங்க. முதல்ல கையைக் கொடுங்க."

அவர் மறுக்குமுன் மேடம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பட்டையைப் பிரித்துவிட்டார். வீங்கிய கையால் வீங்காத கையைப் பிடித்து, ஒவ்வொரு எலும்பாக அழுத்தினார். "இங்க வலிக்குதா?" வலிக்குது என்றார். "இங்க?" அங்கேயும் என்றார். "இப்படித் திருப்பினா?" முகத்தைச் சுளித்தார். மேடமின் பேச்சு மெதுவாகக் குறைந்தது. வலிக்கக்கூடாத இடத்தில் வலிக்கிறது என்கிறார், வலிக்க வேண்டிய இடத்தில் சும்மா இருக்கிறார். கையில் ஒன்றுமில்லை என்று அந்த விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடிக்காரருக்கும் அது தெரிந்தது. தேநீர்த் தட்டோடு வாசலில் நின்ற மனைவி உள்ளே வராமல் அங்கேயே நின்றாள்.

"நான் கொஞ்சம் தட்டிப் பாக்கலாமா?" என்றார் மேடம்.

வேண்டாம் என்று சொல்லக் கண்ணாடிக்காரருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ரேடியோவைப் போட்டார். மேடம் குமிழில் விரல் வைத்து அழுத்தினார். பித்தளை டக்கென்று இறங்கி ஏறியது. ரேடியோவிலிருந்து சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினார்.

"ஒயர் கழண்டிருக்கும்," என்று சொல்லிக்கொண்டே மேடம் மேஜைக்குப் பின்னால் கையைவிட்டு ஒயரை இழுத்தார். நுனி வந்தது. வெளியே தெரிந்த செம்புக் கம்பிகளில் பச்சை பூத்திருந்தது. சிலந்திக்கூடு ஒன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது. நேற்றோ போன மாதமோ கழன்ற ஒயர் இல்லை அது.

மேடம் அதைப் பார்த்தார். மேஜைவிரிப்புக்கு அடியில் சதுரமாகப் புடைத்திருந்ததைப் பார்த்தார். பூச்சாடியைப் பார்த்தார். பிறகு ஒயரைச் சத்தமில்லாமல் மேஜைமேல் வைத்துவிட்டு, துணிப்பட்டையை எடுத்து, கண்ணாடிக்காரரின் மணிக்கட்டில் நிதானமாகச் சுற்றிக் கட்டினார்.

"இப்படிக் கட்டணும் சார். நீங்க முட்டிக்குக் கட்டற மாதிரி கட்டியிருந்தீங்க."

தேநீரைக் குடித்தார். மனைவியிடம் முட்டிவலிக்கு இரண்டு பயிற்சி சொல்லிக் கொடுத்தார். கிளம்பினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியாவது சமாளித்திருக்கலாம் என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகவும் கூசியது.

மனைவி கோப்பைகளை எடுத்தாள். "எனக்கு முன்னாடியே தெரியும். டைப் அடிக்கற சத்தம் அடுக்களை வரைக்கும் கேக்கும். பொழுதுபோக்குதானே, யாருக்கு என்ன நஷ்டம்னு இருந்தேன்." கோப்பைகளைத் தட்டில் அடுக்கினாள். "இன்னிக்கு அந்தப் பொண்ணு கையைப் பாத்தேன்."

அதன்பிறகு அவர் அலைவரிசையில் எதுவும் அனுப்பவில்லை. கேட்பார், பதில் சொல்லமாட்டார். பேக்கரிக்காரர் கூப்பிட்டார். வேறு இரண்டு பேர் கூப்பிட்டார்கள். மேடம் மற்றவர்களோடு பேசும்போது அந்த நொண்டிக் கை ரேடியோவில் வரும். கடைசியில் வழக்கம்போல் மன்னிப்புக் கேட்கும். ஒவ்வொரு முறையும் கண்ணாடிக்காரர் ஒலியைக் குறைத்துவிடுவார். கடையில் யாராவது, "கண்ணாடி போட்டா எனக்கு நல்லாத் தெரியுமா?" என்று கேட்டால்கூட, தெரியும் என்று தைரியமாகச் சொல்ல வாய் வரவில்லை. எதைச் சொன்னாலும் பொய் போலிருந்தது.

ஒருநாள் காலை பிளேடை எடுத்து ஒயரின் பச்சையைச் சுரண்டினார். கீயில் மாட்டினார். கம்ப்யூட்டரை அடுத்த அறைக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்தார். எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்துத் அலைவரிசையில் தன் பெயராக வழங்கும் அழைப்புக்குறியைத் தட்டினார். வியர்வையில் குமிழ் வழுக்கியது. குறியே தப்பாகப் போனது. பிழை என்று தட்டிவிட்டு மறுபடி தட்டினார்.

உடனே குறுக்கே வந்தார் பேக்கரிக்காரர். "யார் நீ? அது கண்ணாடிக்காரர் குறி. அவர் கை எனக்குத் தெரியும். அவர் பெயரைத் திருடாதே."

கண்ணாடிக்காரர் தட்டினார்: "நான்தான்."

"பொய். புகார் செய்வேன். வெளியேறு."

இன்னொருவரும் சேர்ந்துகொண்டார். கண்ணாடிக்காரர் திணறினார். தன் பெயரில் தானே வந்திருப்பதை நிரூபிக்க வழி தெரியவில்லை. பதற்றத்தில் கை இன்னும் மோசமாயிற்று. இரண்டு எழுத்தைச் சேர்த்துத் தட்டினால் மூன்றாவதாக ஏதோ வந்தது. எழுந்துவிடலாமா என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

அப்போது அந்த நொண்டிக் கை வந்தது. "அவர்தான். எனக்குத் தெரியும். அவரைத் தட்டவிடுங்கள்."

கண்ணாடிக்காரர் நாற்காலியை மறுபடி முன்னால் இழுத்துக்கொண்டார். அவர் தட்டினார். எழுத்து எழுத்தாக, பாதி தப்பியும் திருத்தியும். இதுதான் என் கை. இதுவரை கேட்டது கம்ப்யூட்டர். கீ வெறும் காட்சிக்கு. மேடமுக்கு நான் சொன்ன ஆலோசனை எதுவும் நான் செய்து பார்த்ததில்லை. வாயால் சொன்னால் ஒரே மூச்சில் முடிந்திருக்கும். இதில் ஒவ்வொரு சொல்லையும் முழுதாகக் கேட்டபடி உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பேக்கரிக்காரர் அலைவரிசையை விட்டுப் போய்விட்டார். குழுவின் அடுத்த மோர்ஸ் போட்டிக்கு நடுவராக இருக்கச் சொல்லிக் கண்ணாடிக்காரரைக் கேட்டிருந்தார்கள். வாட்ஸப்பில் அந்த இடத்தில் வேறொருவர் பெயர் வந்தது. யாரோ சிரிக்கும் பொம்மை போட்டிருந்தார்கள். 

அன்று மத்தியானம் மேடம் போன் செய்தார்.

"கோவமா இருக்கேன் சார். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"சொல்லுங்க மேடம்."

"கம்ப்யூட்டர்ல அடிச்சீங்க, அது உங்க இஷ்டம். கீயைக் காட்டிப் பெருமைப்பட்டீங்க, அதுவும் சரி, மனுஷங்கதானே. ஆனா பழகப் பழக வலி போயிடும்னு எனக்கே சொன்னீங்களே, அதைத்தான் தாங்க முடியல. நானும் முட்டாள் மாதிரி நம்பினேன். என் படிப்பை நம்பாம உங்க கையை நம்பினேன்."

 "மன்னிச்சுடுங்க" என்ற சொல் மேடம் தினமும் கண்ணாடிக்காரரிடம் சொன்ன சொல். அதை எடுத்து மேடமுக்கே திருப்பிக் கொடுக்க நா எழவில்லை.

"கை இப்ப எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"இன்னியிலேருந்து ஓய்வு கொடுக்கப்போறேன். கொஞ்ச நாள் தட்டமாட்டேன்." மேடம் போனை வைத்துவிட்டார்.

அந்தக் கொஞ்ச நாள் நீண்டது. கண்ணாடிக்காரர் தினமும் உட்கார்ந்தார், புதிதாகக் கற்பவர்கள் மெதுவாகத் தட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தில். அவர்களில் சிலர் அவரைவிட வேகம். பழைய ஆட்கள் அந்தப் பக்கம் வரும்போது அவர் கை தானாகத் தயங்கும். ஆனாலும் எழுந்து போகமாட்டார். மனைவி சிலசமயம் தேநீரை அங்கேயே கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னிக்கு என்ன சொன்னீங்க?" என்று கேட்பாள். "வானிலை சொன்னேன்" என்பார். அதற்கே பாதி நேரம் போயிருக்கும்.

கோடை முடிந்து ஒரு காலையில் அவருடைய குறியை யாரோ அழைத்தார்கள். கேட்டதும் தெரிந்துவிட்டது. கை ஆறியிருந்தது, நொண்டல் அப்படியே இருந்தது. மேடம் தன் ஊர் மழையைப் பற்றிச் சொன்னார், ஆஸ்பத்திரியில் லிப்ட் பழுதானதைச் சொன்னார். கண்ணாடிக்காரர் பதில் தட்ட ஆரம்பித்தார். நாலு சொல்லுக்குள் மூன்று பிழை. காது நுனிவரை சூடேறியது. மேடம் அவசரப்படுத்தவில்லை, உதவிக்கும் வரவில்லை. அவர் தட்டி முடிக்கும்வரை காத்திருந்தார்.

முடியும்போது மேடம் தன் கைக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது, போகிறேன் என்று மட்டும் சொன்னார்.