பட்டியலில் இல்லாதவரின் கட்டில்

ஊட்டச்சத்து ஆய்வு வார்டில் ஒருவருக்கு ஏற்றிய உணவு அடுத்த கட்டில்காரரின் உடம்பில் போய்ச் சேர ஆரம்பித்தது ஆய்வின் மூன்றாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை. வார்டில் எட்டுக் கட்டில்கள். வாசலுக்கு இடப்பக்கச் சுவரோடு ஒன்று முதல் நான்கு, கோடியில் ஜன்னல், அங்கிருந்து திரும்பி வலப்பக்கம் ஐந்து முதல் எட்டு. எட்டாவது மறுபடி வாசலுக்கே வந்து நின்றது. வாயால் சாப்பிட முடியாதவர்களுக்கு மூக்குக் குழாயில் ஊட்டுவது மேலா, ரத்தக்குழாயில் ஏற்றுவது மேலா என்று கண்டுபிடிப்பதுதான் ஆய்வு. ஒற்றைப்படைக் கட்டில்களுக்குக் குழாய், இரட்டைப்படைக்கு டிரிப்ஸ். ஒன்றில் ஊற்றிய கரைசல் இரண்டைத் தேற்றியது, இரண்டில் ஏற்றிய பாட்டில் மூன்றைத் தேற்றியது, இப்படியே வரிசையாக எட்டு வரை போனது. ஒன்றுக்கு முன்னால் கட்டில் இல்லாததால், வயிற்றில் ஆபரேஷன் செய்து அங்கே படுத்திருந்த லாரி டிரைவருக்கு மட்டும் எதுவும் கிடைக்கவில்லை. வேளைக்கு முந்நூறு மில்லி, நாளைக்கு ஆறு வேளை, தவறாமல் உள்ளே போயிற்று. அவர் தவறாமல் இளைத்தார்.

ஆய்வின் தலைவரான பெரிய டாக்டரின் அறை வார்டு வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. அவர் வாங்கிய பட்டங்கள் ஒரு பலகையில் அடங்காமல் பக்கத்துச் சுவரில் இரண்டாவது பலகையாகத் தொடர்ந்தன. தினமும் பத்து மணிக்குப் பன்னிரண்டு பேர் பின்தொடர வார்டுக்குள் வருவார். நோயாளிகளின் முகத்தைப் பார்ப்பது ஆய்வின் நடுநிலைமையைக் கெடுக்கும் என்று கருதியதால் தாள்களை மட்டும் பார்ப்பார்.

டிரைவரின் மனைவி தையல்காரி. வார்டின் எடை மெஷினை அவள் நம்பவில்லை. கைப்பையில் கிடந்த அளவு நாடாவை எடுத்துக் காலையும் மாலையும் கணவரின் புஜத்தைச் சுற்றிப் பார்த்தாள். வந்த அன்று பதினோரு அங்குலம், பத்தாம் நாள் ஒன்பதேகால், பதினைந்தாம் நாள் எட்டரை. நாடாவை இறுக்கிப் பிடித்தோமோ என்று தளர்த்திப் பார்ப்பாள், மறுபடி இறுக்கிப் பார்ப்பாள். எட்டரை எட்டரையாகவே இருக்கும். எட்டு அங்குலம் என்பது அவள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கும் அளவு. அதற்குக் கீழே ஒரு பெரிய மனிதர் எப்படி மூச்சு விடுவார் என்ற நினைப்பிலேயே நாடாவின் நுனி நழுவியது.

இரண்டாம் கட்டிலில் இருந்த பாட்டு டீச்சருக்கோ கன்னம் உப்பிக்கொண்டு வந்தது. துணைக்கு இருந்த தம்பியிடம் தையல்காரி நேராகவே கேட்டாள்.

“தம்பி, உங்க அக்கா பளபளன்னு ஆயிட்டாங்களே, என்ன விசேஷம்?”

“டிரிப்ஸ் ஒத்துக்கிச்சுக்கா.”

“டிரிப்ஸ் இல்லப்பா. எங்க வீட்டுக்காரரு கஞ்சி அது.”

நேற்று டிரைவருக்கு ஊற்றும்போது அக்கா தூக்கத்தில் ஏப்பம் விட்டதை அவனும் பார்த்திருந்தான்.

எட்டாம் கட்டிலுடையது எங்கே போகிறது என்பதைக் கண்டுபிடிக்க அவளுக்கு நாடா தேவைப்படவில்லை. பெரிய டாக்டரின் இடுப்பு இரண்டு வாரத்தில் இரண்டரை அங்குலம் ஏறியிருந்ததைக் கண்ணாலேயே அளந்துவிட்டாள். எட்டாம் கட்டில்காரருக்குக் கை வீங்கி ஒரு நாள் காலையில் பாட்டிலை நிறுத்தியபோது, டாக்டர் பதினோரு மணிக்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் ஊர்ஜிதமாயிற்று. ஆய்வின் வெற்றி உடம்பில் தெரிகிறது என்று அவர் எல்லாரிடமும் சொல்லிவந்தார்.

அவரிடமே போய் முறையிட்டாள்.

“சராசரியைப் பாருங்கம்மா, நல்லா ஏறியிருக்கு.”

“சராசரிக்கு ஏறியிருக்கு சார். இவருக்கு ஏறலையே.”

ஒருவர் மட்டும் இப்படிச் சராசரிக்குப் பிடிவாதமாக ஒத்துழைக்க மறுப்பது டாக்டரை வருத்தியது. இரண்டு நாளில் வெளிநாட்டில் மாநாடு. கட்டில்களை இடம் மாற்றுவதென்றால் குழு கூட வேண்டும், குழு கூட வேண்டுமென்றால் உறுப்பினர் ஒருவருக்கு ஜலதோஷம் தீர வேண்டும். எனவே டிரைவரை விதிவிலக்கு என்று எழுதிப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு விமானம் ஏறினார். சராசரி இன்னும் அழகாயிற்று. மறுநாளிலிருந்து டிரைவரை யாரும் எடை பார்க்கவில்லை. ஊற்றுவது மட்டும் நடந்தது. பதினெட்டாம் நாள் காலை நாடா எட்டைக் காட்டியது. சாயங்காலம் ஏழே முக்கால்.

மறுநாள் காலை அவள் நர்ஸிடம் கேட்டாள். “சிஸ்டர், ஆய்வுல இருக்கற கட்டிலைத்தானே நகர்த்தக் கூடாது?”

“ஆமாக்கா.”

“இவர்தான் ஆய்வுல இல்லையே.”

நர்ஸ் ஆய்வு விதிப் புத்தகத்தை எடுத்து, கட்டில்களைப் பற்றிய முப்பத்தோராம் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். பட்டியலில் இல்லாதவரின் கட்டிலைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. சக்கரத்தின் பூட்டைக் காலால் தட்டிவிட்டு, மருந்து எண்ணுவதற்காக அந்தப் பக்கம் போய்விட்டாள்.

பாட்டு டீச்சரின் தம்பிதான் குறுக்கே வந்து நின்றான். “இவரை அங்க கொண்டு போயிட்டா, இங்க முதல் ஆளு எங்க அக்கா. அப்புறம் அவங்களுக்கு யாருக்கா தருவாங்க?”

“இவரேதான் தருவாரு. எட்டுக்கும் உங்க அக்காவுக்கும் நடுவுல, வாசலை அடைச்சுப் போடறோம். தட்டையாக் கிடக்கற துணியை ஓரத்தோட ஓரம் சேர்த்துத் தச்சாத்தான் சட்டைக் கை. இல்லன்னா வெறும் துண்டுதான். பிடி.”

“தப்பாப் போச்சுன்னா?”

“தப்பாப் போச்சுன்னா உங்க அக்காவுக்கு ரெண்டங்குலம் குறையும், திருப்பித் தள்ளிடலாம். இவருக்குக் குறையறதுக்கு ஒண்ணும் இல்லப்பா.”

அவன் கால்பக்கம் பிடித்தான். தலை எட்டாம் கட்டில் பக்கமும் கால் இரண்டாம் கட்டில் பக்கமுமாக டிரைவர் வாசலுக்குக் குறுக்கே வந்து சேர்ந்தபோது மணி பத்தே கால். அதே நேரத்தில், கடல் தாண்டி, மேடையில் பேசிக்கொண்டிருந்த பெரிய டாக்டருக்கு மூன்று வாரத்தில் முதல்முறையாகப் பசித்தது. பேச்சை இருபது நிமிடம் முன்னதாக முடித்துக்கொண்டார். அந்த மாநாட்டின் மிகச் சிறந்த உரை அதுவே என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

அன்று சாயங்காலம் நாடா ஏழே முக்காலிலேயே நின்றது. அடுத்த நாளும் அப்படியே. தையல்காரி சாப்பிடவில்லை, தம்பி அக்காவின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் காலை ஒரு நூல் கூடியிருந்தது. அவள் நம்பாமல் தம்பியைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னாள். அவன் பிடித்தபோதும் ஒரு நூல். நான்காம் நாள் கால் அங்குலம். டீச்சருக்கு எதுவும் குறையவில்லை. பத்தாம் நாள், டிரைவர் நாடாவைத் தன் கையாலேயே தள்ளிவிட்டு, “போதும் விடு, எனக்கென்ன கல்யாணச் சட்டையா தைக்கப் போற?” என்றார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு நாடாவைச் சுருட்டினாள். சுருட்டி முடிக்க வெகுநேரமாயிற்று.

மாநாட்டிலிருந்து திரும்பிய பெரிய டாக்டர் தம் வார்டு வாசலில் ஒரு கட்டில் கிடப்பதைப் பார்த்தார். அகற்றச் சொல்ல வேண்டுமென்றால் பட்டியலில் இல்லாத ஒருவர் அங்கே இருப்பதாக எழுத வேண்டியிருந்தது. பன்னிரண்டு பேரும் பின்தொடர, துடைப்பமும் வாளியும் வைக்கும் அறை வழியாகச் சுற்றி உள்ளே போனார். இரண்டு முறைகளுக்கும் வித்தியாசம் இல்லை என்று ஆய்வு முடிவாயிற்று. டிரைவர் நடந்து வீட்டுக்குப் போனார். அந்தக் கட்டிலுக்கு அடுத்த ஆள் வந்தார், அவருக்கு அடுத்து இன்னொருவர். யாராவது வழி கேட்டால் காவலாளி, “வாசல்ல ஆளு படுத்திருக்காரு, சுத்திப் போங்க” என்பார். எல்லாரும் சுற்றித்தான் போகிறார்கள்.