பத்து விரல் தடம்

என் மாமியார் என்னை முதலில் அடித்தது வெந்நீர் ஃபிளாஸ்க்கால். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், குதிகாலில் மாவுக்கட்டோடு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அடி நெற்றிப்பொட்டில் விழுந்தது. உள்ளே கண்ணாடி நொறுங்கிய சத்தம் கேட்டு, என் மண்டைதான் உடைந்துவிட்டது என்று நினைத்தேன்.

"எம் பொண்ணக் கொன்னுட்டியேடி, பாவி!"

இரண்டாவது முறை ஓங்கினார். நர்ஸ் குறுக்கே விழுந்து பிடித்தாள். நாத்தனார் செத்துப்போய்விட்டாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

காரை ஓட்டியது அவள் கணவர். வீட்டில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை. எனக்கு அண்ணன் முறை. கழுத்தில் பட்டை மாட்டிக்கொண்டு அதே தாழ்வாரத்தின் கோடியில் தலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் மயக்கம் தெளிவதற்குள் அவர் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்திருந்தார். பின் சீட்டில் நாத்தனாரும் அவள் பிள்ளையும் தூங்கிக்கொண்டிருந்தார்களாம். அவர் நேராகத்தான் ஓட்டினாராம். முன்னால் உட்கார்ந்திருந்த நான் திடீரென்று எட்டி ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டேனாம். கார் ஓரமாக நின்ற லாரியில் போய் மோதிவிட்டதாம்.

கேட்டவர்கள் அத்தனை பேரும் நம்பினார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? நான் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எங்கள் ஸ்கூல் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர்கள் தடுமாறினால் காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டே கையை நீட்டி ஸ்டியரிங்கைத் திருப்புவதுதான் என் பிழைப்பு. அந்தப் பழக்கம் எங்கே போனாலும் விடாது. பஸ்ஸில் உட்கார்ந்தால்கூட என் கால் தரையை அழுத்தும். ஒருமுறை என் வீட்டுக்காரர் ஓட்டும்போது எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டேன். அதைச் சொல்லிச் சொல்லிக் குடும்பமே சிரித்தது. 'பிரேக்கம்மா' என்று எனக்குப் பெயர் வைத்தவளே நாத்தனார்தான். கணவர் தன் காரைத் தொட விடமாட்டார் என்று அவருக்குத் தெரியாமல் என்னிடம் வந்து ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள், கள்ளி. ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் நாக்கைக் கடித்துக்கொள்வாள். அவளை நான் கொன்றேன் என்றார்கள்.

நடந்தது இதுதான். நாத்தனார் மகள் குட்டிக்கு மூன்று வயது. பின் சீட்டில் வாந்தி எடுத்தாள் என்று முன்னால் வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். நாத்தனார் தலைவலி என்று பின்னால் நீட்டிப் படுத்துவிட்டாள். மாப்பிள்ளை ஒரு கையில் ஃபோனை வைத்து ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டு ஓட்டினார். கார் ஓரத்துக்கு ஒதுங்க ஒதுங்க என் கால் தரையை அழுத்தியது.

"அண்ணா, ரோட்டப் பாருங்க."

"பிரேக்கம்மா, இது உங்க ஸ்கூல் வண்டி இல்ல. கைய வச்சுக்கிட்டு சும்மா வாங்க."

சிரித்துக்கொண்டே மறுபடியும் ஃபோனைப் பார்த்தார். லாரியின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது. "அண்ணா!" என்று கத்தினேன். கடைசி நொடியில் அவர் வளைத்தார். முன்பக்கம் தப்பித்தது, பின்பக்கம் லாரியின் இரும்புச் சட்டத்தில் மாட்டியது. தகரம் கிழிந்தது. கார் சுழன்றது. நாத்தனார் "அம்மா" என்று ஒரு தடவை சொன்னாள். பிறகு அவள் இருந்த பக்கமே இல்லை. இல்லாத பிரேக்கை மிதித்த வேகத்தில் என் குதிகால் உடைந்தது. என் மேல் ஏதோ சூடாகத் தெறித்தது வரை ஞாபகம் இருக்கிறது.

இதை என் வீட்டுக்காரரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். தங்கையை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார். மாமியார் வீட்டுப் பின்னறையில் கட்டிலில் கிடந்தேன். மறுநாள் போலீஸ் வரப்போகிறது, மாப்பிள்ளை சொன்னதே நின்றால் ஜெயில் என்று தெரியும். ஜெயில்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. இந்த மனுஷன் நம்பினால் போதும் என்றிருந்தது.

"பிடிச்சியா, இல்லையா?"

"பிடிக்கலங்க. குட்டி என் மடியில இருந்தா."

"குட்டி பின்னாடி இருந்தான்னு மாப்ள சொல்றாரு. பழக்கதோஷத்துல உன்னையறியாம கை போயிருக்கும். ஒத்துக்கயேன், ஏதாவது வழி பண்ணலாம்."

"பண்ணாததை எப்படிங்க ஒத்துக்கறது? உங்க மாப்ள புளுகறாரு."

பளார் என்று அறைந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னை அடித்ததே இல்லை. காதுக்குள் கொய்யென்றது. நான் என்ன வாயில்லாப் பூச்சியா? கையில் கிடைத்த தண்ணீர்ச் சொம்பை எடுத்து முகத்தில் வீசினேன். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் ஒழுகியது. துடைத்துக்கொள்ளாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையில் நான் அவருக்கு யாரோ ஆகியிருந்தேன். அறை வலித்ததைவிட அதுதான் அதிகம் வலித்தது.

அப்போதுதான் குளியலறையிலிருந்து மாமியார் அலறினார்.

விபத்துக்குப் பிறகு குட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை, அதிசயம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். சட்டையைக் கழற்றி யாரும் பார்க்கவில்லை. அன்றுதான் குளிக்க வைத்திருக்கிறார் மாமியார். ஈரத்துண்டைச் சுற்றிய பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"பாருடா, பச்ச மண்ணக்கூட விட்டு வைக்கல இவ!"

துண்டை விலக்கினார். குட்டியின் விலாவில் இரண்டு பக்கமும் கருநீலத் தடங்கள். விரல்கள். தனித்தனியாக எண்ணலாம் போலிருந்தது. மாமியார் பிள்ளையைக் கீழே விட்டுவிட்டு என் தலைமயிரைப் பிடித்து இழுத்தார். கட்டிலிலிருந்து விழுந்தேன். மாவுக்கட்டு தரையில் மோத, வலி முதுகு வரை ஏறியது. "நசுக்கிக் கொல்லப் பாத்தியாடி?" என்று கேட்டுக்கொண்டே காலால் என் வயிற்றில் உதைத்தார். அவர் கையைக் கடித்தேன். அப்படியும் விடவில்லை.

"அம்மா, நிறுத்து."

என் வீட்டுக்காரரின் குரல் மாறியிருந்தது. குட்டியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆக்சிடென்ட்டுக்கு அப்புறம் குட்டிய இவகிட்ட குடுத்தியா?"

"குடுப்பேனா? கண்ணுலகூட காட்டல."

"அப்ப இது எப்ப ஆச்சு?"

மாமியார் என் மயிரைப் பிடித்தபடியே நின்றார். என் வீட்டுக்காரர் தன் கைகளைத் தடங்களின் மேல் வைத்துப் பார்த்தார். பெரிய கை, பொருந்தவில்லை. குட்டியின் முதுகை என் பக்கம் திருப்பி நிறுத்தி, என் இரண்டு கைகளையும் எடுத்து அந்த விலாவில் வைத்தார். பத்து விரலும் பத்துத் தடத்தில் போய் உட்கார்ந்தன. வலித்திருக்கும், ஆனால் குட்டி சிணுங்கவில்லை. முதுகை அப்படியே என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள்.

"பின்னாடி தூங்கின பிள்ள மேல முன்னாடி இருந்தவ ரெண்டு கையும் எப்படிம்மா வந்துச்சு?"

மாமியாரின் பிடி தளர்ந்தது. என் வீட்டுக்காரர் எழுந்து கூடத்துக்குப் போனார்.

மாப்பிள்ளை சோபாவில், துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர்களுக்கு நடுவே காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் ஊன்றுகோலைப் பிடித்து நொண்டிப் போவதற்குள் காப்பி டம்ளர் சுவரில் பட்டுச் சிதறியிருந்தது. என் வீட்டுக்காரர் அவரைக் கழுத்துப் பட்டையோடு தூக்கி டீப்பாயின் மேல் போட்டார். கண்ணாடி உடைந்தது. முகத்தில் குத்தினார், மறுபடி குத்தினார். பல்லொன்று தரையில் விழுந்து உருண்டது. பெரியவர்கள் இழுத்தார்கள், அவர் உதறினார்.

"குட்டி எங்கடா இருந்தா? சொல்லுடா!"

"மடியில... மச்சான், மடியில..."

"என்னடா பாத்துட்டு இருந்த?"

"ஃபோனு... ஒரு செகண்டுதான் மச்சான். ஜெயில்ல போட்டுருவாங்கன்னு பயந்துட்டேன். அவங்கதான் திருப்பினாங்கன்னா எல்லாரும் நம்புவாங்கன்னு..."

நான் மட்டும் சும்மா விட்டேனா? ஊன்றுகோலைத் திருப்பிப் பிடித்து முழங்காலிலேயே போட்டேன். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. இன்னும் இரண்டு போட்டேன். நாத்தனாருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மூச்சு வாங்கியது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதை மறைப்பானேன்.

அப்படியே அவரை இழுத்துக்கொண்டு எல்லோரும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்கள். வாசலில் என் வீட்டுக்காரர் நின்று என் கையைப் பிடித்தார். "வந்து பேசறேன்" என்றார். உதடு வீங்கிப் பேச்சு குழறியது. அழுதுகொண்டிருந்தார். நம்பிவிட்டார். நான் கேட்டது அவ்வளவுதானே? பக்கத்து வீட்டுப் பெண் குட்டியைத் தூங்க வைக்கத் தூக்கிப் போனாள். இருட்டும் வரை கூடத்தில் உடைந்த கண்ணாடிக்கு நடுவே மாமியாரும் நானும் மட்டும் மிஞ்சியிருந்தோம்.

மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். பதிலுக்கு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று தயாராகவும் இருந்தேன்.

"லாரி உன் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சா?" என்றார்.

"தெரிஞ்சுச்சு அத்தை."

"தூரத்துலேயேவா?"

"ஆமா."

"உன் சீட்டுல இருந்து ஸ்டியரிங் எட்டுமா?"

"எட்டும்."

"அப்ப ஏண்டி பிடிக்கல?"

என் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன்.

"கை ரெண்டுலயும் குட்டி இருந்தா அத்தை. ஒரு கையை எடுத்திருந்தா, மோதற வேகத்துல கண்ணாடிய உடைச்சுட்டு வெளிய போயிருப்பா."

"எடுத்திருந்தா மோதியே இருக்காதேடி."

ஒற்றைக் கையால் எத்தனையோ பேருடைய ஸ்டியரிங்கை நான் திருப்பியிருக்கிறேன். எல்லாம் யார் யாரோ. அன்று லாரியைப் பார்த்ததும் என் இரண்டு கையும் தானாகப் பிள்ளையை இறுக்கிக்கொண்டன. யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

"உங்க பேத்தி அத்தை," என்றேன். "உங்க பேத்தியத்தான் பிடிச்சிருந்தேன்."

"எனக்கு எம் பொண்ணுதாண்டி வேணும்!"

சொல்லிவிட்டு அவரே தன் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அந்தக் கையை எடுத்து என்னை அடிக்க ஆரம்பித்தார். தோளில், தலையில், ஏற்கெனவே வீங்கியிருந்த நெற்றியில். ஊன்றுகோல் என் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடந்தது. நான் அதைத் தொடவில்லை, முகத்தைக்கூட மறைத்துக்கொள்ளவில்லை.

ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்த என் வீட்டுக்காரர் "அம்மா!" என்று பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்தார்.

"விடுங்க," என்றேன். "அத்தை அடிக்கட்டும்."