காதுக்கும் வயிற்றுக்கும்

என் வீட்டுக்காரர் அடுப்பெரிக்கக் காய்ந்த பருத்திமார்க் குவியலிலிருந்து ஒரு கை உருவியபோது, குளவி அவர் காதுக்குப் பின்னால் கொட்டிவிட்டது. நான் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டு போனேன்.

"ஏட்டி, காதுக்குள்ள ஊத்திராத. கேக்காமப் போயிரும்."

"இப்ப மட்டும் நாஞ் சொல்லுதத கேக்கவா செய்யுதிய?"

சிரித்தார். போன கோடையிலும் இப்படி ஒன்று கொட்டி, காது வீங்கித் தானாக வற்றியது. அதனால் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மிளகாய் வற்றல் மூட்டைக்கு வாய் தைக்க உட்கார்ந்தவர், கோணி ஊசியில் சணலைக் கோப்பதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கினார். வாந்தி எடுத்தார். வேர்த்து ஊற்றியது. உள்ளங்கைகள் செக்கச் செவேலென்று இருந்தன. ஓடிப்போய் அவர் அண்ணன் இசக்கிபாண்டி அத்தானைக் கூட்டிவந்தேன். ஆட்டோ அவரிடம்தான் இருந்தது.

"குளவி கொட்டியிருக்கு அத்தான். கோவில்பட்டி ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருவோம்."

"காலையில மூட்டையத் தூக்கி அடுக்குனாம்லா, குடல் ஏறியிருக்கும். சொர்ணத்தாய்ட்ட தட்டுனா எறங்கிரும்."

"இல்ல அத்தான், குளவி..."

"கொட்டுனது காதுல, வலிக்கது வயித்துல. காதுக்கும் வயித்துக்கும் எங்கன போட்டிருக்கான் ரோடு?"

வாசலில் கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். வலியில் சுருண்டு கிடந்த என் வீட்டுக்காரரும் சிரித்தார். அவருடைய அந்தச் சிரிப்பை மட்டும் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எங்கள் பக்கம் வயிற்றுவலி என்றால் முதலில் சொர்ணத்தாயிடம் போய்க் குடல் தட்டுவதுதான். சொர்ணத்தாய் அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவி நீவினாள். "இந்தா கெடக்கு பாரு, உருண்டு தெரண்டு" என்று என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினாள். பொய்யில்லை. தோலுக்கடியில் ஏதோ இறுகி இறுகித் தளர்ந்தது. பார்த்தாயா என்பதுபோல அத்தான் தலையை ஆட்டினார். என் வீட்டுக்காரருக்குக் கண் சொருகிய பிறகுதான் ஆட்டோ கிளம்பியது. ஆஸ்பத்திரி வாசலில் அவரை இறக்கும்போது உயிர் இல்லை.

"மாயகிருஷ்ணன் சம்சாரம் நீங்களாம்மா?" என்று கேட்ட டாக்டரம்மாவுக்கு என் மகள் பிரித்திகா வயதுதான் இருக்கும். "குளவி விஷம் சிலருக்கு ஒத்துக்காது. உடம்பே ஹிஸ்டமின்னு ஒண்ண அவுத்து விட்டுரும். அது ரத்தத்தோட போய் குடல் தசைய இறுக்கிப் பிழியும், அங்க இருக்கிற நரம்பையெல்லாம் உசுப்பிவிடும். அதான் அந்த வலி. ரத்த அழுத்தமும் விழுந்துரும்."

"முந்தியே வந்திருந்தா?"

"தொடையில ஒரு ஊசி போட்டிருப்போம்மா." அதற்கு மேல் அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆக, ரோடு இருந்திருக்கிறது.

பதினாறாம் நாள் பந்தியில் எல்லோருக்கும் கேட்கும்படி இதைச் சொன்னேன். ஹிஸ்டமின் என்ற பெயரையும் சொன்னேன். அத்தான் இலையிலிருந்து நிமிரவில்லை.

"அதெல்லாம் அவிய பாசை. கொஞ்சம் முந்தியே தட்டியிருந்தா எறங்கியிருக்கும். இவ ஆசுபத்திரி ஆசுபத்திரின்னு நின்னதுல நேரம் போயிட்டு."

ஊர் அதைத்தான் வைத்துக்கொண்டது.

நேற்று எதிர்வீட்டு பானுவின் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதது. "ஏதும் கடிச்சுதா, கொட்டுச்சான்னு பாத்தியாட்டி?" என்று கேட்டேன். "இல்ல பெரியம்மா, வெறும் வயித்துவலிதான்" என்று நிற்காமலே சொல்லிவிட்டு, பிள்ளையைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தெருவுக்கு வந்து பார்த்தேன். சொர்ணத்தாய் வீட்டு வாசலில் நாலைந்து ஜோடிச் செருப்புகள் கிடந்தன. அதில் ஒரு ஜோடி சின்னது.