நாலாவது சந்து

மாதங்கி வாசல் கதவை மூன்றாவது முறையாகத் திறந்து, செங்கல்லைக் காலால் தள்ளி அதற்கு முட்டுக் கொடுத்தாள். விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு அது. துக்கம் கேட்க வந்தவர்கள் போகும்போதெல்லாம் கல்லை ஒதுக்கிக் கதவைச் சாத்திவிட்டே போனார்கள். ஜூன் மாத அனல் உள்ளே வருகிறதே, ஏ.சி. வீணாகிறதே என்ற அக்கறைதான். தலைநகரத்தின் துவாரகா அடுக்குமாடி சொசைட்டியில் ஒரு வீட்டின் கதவு திறந்து கிடந்தால் ஒன்று கொரியர் வந்திருக்க வேண்டும், இல்லை யாராவது செத்திருக்க வேண்டும்.

இங்கே செத்திருந்தது அவளுடைய அப்பா சதாசிவம். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளை வேட்டியில் படுத்திருந்தார். மத்திய அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் தள்ளி ஓய்வு பெற்றவர். அதைச் சொன்னால் யாருக்கும் அவரைத் தெரியாது. நாலாக்கரை கேம்ப் மக்கள் நலச் சங்கத்துச் செயலாளர் என்றால்தான் தெரியும்.

"கொஞ்சம் உக்காரேன் மாது," என்றான் மதன். சித்தப்பா மகன், குர்கானிலிருந்து விடியும்போதே வந்துவிட்டவன். "ரெண்டு மணிக்கு வண்டி வந்துரும். மயானத்துல மூணுக்கு டைம் குடுத்திருக்கான். லேட்டானா நம்மள ஒதுக்கிட்டு அடுத்தவங்கள உள்ள விட்டுருவான்."

"நாலாவது சந்துக்காரங்க இன்னும் வரல."

"அவங்களுக்கு எதுக்கு சொன்ன? வந்து ஏதாவது கத்தினா? இவ்ளோ பேரு முன்னாடி?"

"அப்பா சொல்லச் சொன்னாரு."

முந்தாநாள் ஆஸ்பத்திரியில், மூச்சு வாங்குவதற்கு நடுவே அவர் சொன்னது அது ஒன்றுதான். மாதங்கியின் கல்யாண முறிவைப் பற்றியோ, பத்து வருஷத்துக்கு முன் இறந்துபோன அம்மாவைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. 'நாலாவது சந்துக்குச் சொல்லிடும்மா' என்றார், அவ்வளவுதான். காலையில் அவள் அந்தச் சந்துக்காரி காந்திமதிக்கு போன் செய்தாள். "சரி பாப்பா" என்று மட்டும் சொல்லி அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டுவிட்டது. அந்தச் 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று காலையிலிருந்து அவளுக்குப் பிடிபடவில்லை.

நாலாக்கரை கேம்ப் என்பது பெரிய சாக்கடைக் கால்வாயை ஒட்டி இருந்த தமிழ்க் குடிசைப் பகுதி. விழுப்புரம், சேலம் பக்கத்திலிருந்து வந்து, வீட்டு வேலையும் கட்டட வேலையும் செய்து பிழைத்தவர்கள். ஒரு தண்ணீர்க் குழாய் கேட்டு மனு எழுதிக் கொடுக்கப் போன சதாசிவம் இருபத்திரண்டு வருஷம் திரும்பி வரவில்லை. குழாய் வந்தது, விளக்கு வந்தது, சந்துக்குச் சந்து சிமென்ட் தரை வந்தது. மாதங்கியின் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று, கேம்ப்பின் பொதுக் கழிப்பறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் கேட்டு யாரோ ஓர் அதிகாரியின் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு அந்த மனிதர்கள் மேல் பொறாமை இருந்தது, அதை அவள் யாரிடமும் மறைத்ததும் இல்லை.

அப்புறம் கேம்ப்பை எடுத்துவிட்டுத் தகுதி உள்ளவர்களுக்கு அடுக்கு மாடியில் வீடு கொடுப்பதாகச் சொன்னார்கள். சங்கம் திருவிழா மாதிரி வேலை செய்தது. கணக்கெடுப்பு முதல் சந்தில் ஆரம்பிக்கும், நாலாவது சந்துக்கு வர மத்தியானம் ஆகும் என்று சதாசிவத்துக்குத் தகவல் வந்திருந்தது. அதை நம்பி, காகிதங்களைக் கடைசியாக ஒரு தடவை சரிபார்த்துவிடலாம் என்று காலை பத்து மணிக்கு நாலாவது சந்து முழுவதையும் சங்கத்து அறைக்கு வரச் சொன்னார். வீட்டைப் பூட்டிவிட்டு வாருங்கள், திருட்டுப் பயம் இருக்கிறது என்றும் சொல்லி அனுப்பினார்.

கணக்கெடுக்க வந்தவர்கள் அன்றைக்கு நாலாவது சந்தில் ஆரம்பித்தார்கள். சங்கத்து அறையில் நாற்பத்தொரு குடும்பமும் ரேஷன் கார்டையும் ஓட்டர் கார்டையும் வரிசைப்படுத்திக்கொண்டிருந்த நேரத்தில், நாற்பத்தொரு கதவிலும் 'தாலா பந்த்' என்று சாக்குக்கட்டியால் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். பூட்டிய வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். ஆள் இல்லாத வீட்டுக்கு மாற்று வீடு கிடையாது. சதாசிவம் பதினோரு மாதம் மனு மனுவாக அலைந்தார். பிறகு ஒரு காலையில் புல்டோசர் வந்தது.

அதற்குப் பிறகு அவர் சங்கத்துக்குப் போகவில்லை. இடித்த இடத்திலிருந்து ஒரு செங்கல்லை மட்டும் கொண்டுவந்து வாசலில் போட்டுக்கொண்டார். ஒரு பக்கம் நீலச் சுண்ணாம்பு ஒட்டியிருந்த கல். கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தார். மதன் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. கேட்டால், "வீடு பூட்டிக் கெடக்க வேண்டாம்மா, நீ போயிட்டு வா" என்பார்.

ஒன்றே முக்காலுக்கு இன்டர்காம் அடித்தது. கேட்டில் மதராஸி பெண்கள் வந்திருக்கிறார்கள், அனுப்பவா என்று காவலாளி இந்தியில் கேட்டான்.

ஏழு பேர் வந்தார்கள். செருப்பை வெளியே வரிசையாக விட்டார்கள். மாலை கொண்டுவரவில்லை, ஒப்பாரியும் வைக்கவில்லை. மற்றவர்கள் சுவரோரம் நின்றுகொள்ள, காந்திமதி மட்டும் பெட்டியின் அருகே வந்து குனிந்து பார்த்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும், நான்கு வீட்டில் சமைக்கிறவள்.

"சார், வந்துட்டோம்," என்றாள்.

பிறகு மாதங்கியிடம் திரும்பினாள். "பொய் சொல்ல வரல பாப்பா. எனக்கு இன்னும் ஆறல. இருவத்தாறு வருசம் இருந்த வூடு. இடிக்கறப்ப வந்து பக்கத்துல நின்னாரு. அதோட சரி, எட்டிப் பாக்கல. நாங்க திட்டுறதுக்காவது வந்து நிக்கணும் இல்ல?"

"உங்க மொகத்துல முழிக்க முடியலக்கா அவரால."

"தெரியும். அதான் கோவம்."

மன்னித்துவிட்டோம் என்று ஒரு வார்த்தை வரும் என்று மாதங்கி காத்திருந்தாள். வரவில்லை. அதற்காகத்தான் காலையிலிருந்து அவர்களை எதிர்பார்த்தோம் என்று அப்போதுதான் அவளுக்கே புரிந்தது. பெட்டியில் கிடந்தவருக்கு அது கிடைக்காமலே போகப்போகிறது என்று நினைத்ததும் அன்றைக்கு முதல் தடவையாக அழுதாள்.

வண்டி வந்துவிட்டது. தூக்க ஆள் போதாமல் பக்கத்து ஃபிளாட் ஆண்களும் கை கொடுத்தார்கள். ஒரே பிள்ளை அவள்தான், கொள்ளி வைக்க அவளே போக வேண்டும். எல்லோரும் லிஃப்டுக்குப் போன பிறகு மதன் கீழேயிருந்து போன் செய்தான். "பூட்டிட்டு ஜல்தி வா. டிரைவர் கத்தறான்."

பூட்டை எங்கே வைத்தோம் என்று தேட வேண்டியிருந்தது. சமையலறை இழுப்பறையில் கிடைத்தது. கல்லை நகர்த்தக் குனிந்தவளின் கைக்கு முன்னால் காந்திமதியின் கை வந்து கதவைப் பிடித்தது.

"பூட்டாத. நான் இருக்கேன்."

"நேரமாயிடும்க்கா. நாலு பஸ் மாறிப் போவணும் நீங்க."

"ஆவட்டும். பொணம் எடுத்த வூட்டக் கழுவணும், வெளக்கு வெக்கணும். யார் செய்வா?" குனிந்து செங்கல்லைப் பார்த்தாள். நீலச் சுண்ணாம்பை விரலால் தடவினாள். "இது எங்க செவுரு," என்றாள். மாதங்கி பூட்டை அப்படியே ஷெல்ஃபில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

திரும்பி வரும்போது மணி ஐந்தரை. கதவு அகலத் திறந்திருந்தது. தரையில் ஈரம் காயவில்லை, பெட்டி இருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. மற்ற ஆறு பேரும் போயிருந்தார்கள். காந்திமதி கதவில் முதுகைச் சாய்த்து, குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எழுந்து வாளித் தண்ணீரைச் சொம்பில் மொண்டு மாதங்கியின் காலில் ஊற்றினாள்.

"உள்ள போயி வெளக்கப் பாரு."

மாதங்கி விளக்கின் முன் கொஞ்ச நேரம் நின்றாள். பின்னால் பையின் ஜிப் சத்தம் கேட்டது. துக்க வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. காந்திமதியும் சொல்லவில்லை.

மாதங்கி திரும்பிப் பார்த்தபோது வாசலில் ஆளும் இல்லை, செங்கல்லும் இல்லை. முட்டு இல்லாத கதவு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அவள் பிடிக்கப் போகவில்லை. அப்பாவின் நாற்காலிக்கு எதிரே அது தானாகச் சாத்திக்கொண்டது.