ஐந்தாவது தகடு

எனக்குக் கோபம் வரும். கற்பிட்டியில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கருவாடு காயவைக்கும் என் வாடியில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் அந்த மழையன்று நான் போட்ட சத்தம் ஊரின் பழைய கோட்டை வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

நாட்டில் சண்டை முடிந்து நாலாம் வருஷம் அது. முந்தலில் ஒரு தென்னந்தோட்டத்துக் கொட்டிலில் கோழி அடைந்து கிடந்த பழைய மொறிஸ் மைனர் ஒன்றை வாங்கி வந்திருந்தேன். எஞ்சினை நானே கழற்றினேன். பார்த்துப் பூட்டப் புத்தகம் எதுவும் இல்லை. கழன்ற ஒழுங்கிலேயே ஒவ்வொரு சாமானையும் மண்ணெண்ணெயில் கழுவி, கருவாடு காயும் பந்தலின் ஒரு பக்கத்தில் வரிசையாக வைத்தேன். கடைசியில் கழன்றதை முதலில் பூட்டிக்கொண்டு வந்தால் எஞ்சின் தயார். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

நான் சோறு தின்னப் போன நேரம் மழை பிடித்தது. வாடியில் வேலை செய்யும் ஹவ்வா உம்மா, துளி விழுந்தால் எப்போதும் செய்வதைத்தான் செய்தார். பந்தலில் கிடந்ததையெல்லாம் வாரி ஓலைக் கடகங்களில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினார். கட்டாக் கருவாட்டோடு என் எஞ்சினும் போனது.

"கருவாட்டுக்கும் இரும்புக்கும் வித்தியாசம் தெரியாதா? ஒனக்குக் கண் பொட்டையா?"

என் உம்மாவின் வயது அவருக்கு. நான் 'நீ' என்று கத்தினேன். அவர் கடகத்திலிருந்து போல்ட்டுகளைப் பொறுக்கித் தந்தார்.

பிறகு ஒரு மாதம் எது எங்கே என்று மண்டையைப் போட்டு உடைத்தேன். ஓட்டைக்கு ஓட்டை வைத்துப் பார்த்து, எண்ணெய் படிந்த தடம் பார்த்து, எல்லாவற்றுக்கும் இடம் கண்டுபிடித்தேன். ஒரு சின்னத் தகடு மட்டும் குறைந்தது. விரல் நீளம், இரண்டு ஓட்டை, இரண்டு முனையிலும் மடக்குகிற காது. போல்ட் கழலாமல் அந்தக் காதுதான் பிடித்துக்கொள்ளும். அப்படி ஐந்து இருந்தன. எஞ்சினுக்குள்ளே நாலு பிஸ்டன் தண்டுகளுக்கும் நாலு, வெளியே சைலன்சர் குழாய் சேருமிடத்தில் ஒன்று. என் கையில் கிடைத்தவை நாலு. அவற்றை உள்ளே பூட்டினேன். குழாய்க்கு வேறொரு வாஷரைப் போட்டேன். அது கழன்றாலும் சத்தம்தான் கூடும், ஆளுக்கு ஒன்றும் ஆகாது.

கார் ஓடியது. கோட்டையை மூன்று தரம் சுற்றி வந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை மதுரங்குளியில் என் மனைவி றைஸாவின் கூடப்பிறந்த ராத்தா மகளுக்குக் கலியாணம். எனக்கு மீன் இறங்கும் நாள். அதனால் றைஸாவும் எங்கள் இரண்டு வயது மகளும் காலை எட்டு மணிக்கே காரில் புறப்பட்டார்கள். ஓட்டிப் போனவன் றைஸாவின் தம்பி இனாஸ். "காருக்கு ஒரு கீறல் விழுந்தாலும் தோலை உரிச்சிருவன்" என்று அவனிடம் சொல்லித்தான் சாவியைக் கொடுத்தேன்.

அவர்கள் போய் அரை மணித்தியாலம் இருக்கும். ஹவ்வா உம்மா மூச்சு வாங்க வந்து நின்றார். முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்து நீட்டினார்.

"மொதலாளி, இது ஒங்கட சாமானா?"

உப்பில் ஊறித் துருப்பிடித்த தகடு. சைலன்சர் தகடு கிடைத்துவிட்டது என்று முதலில் சந்தோஷம்தான் பட்டேன். அடுத்த கணம் வேறொன்று நினைவுக்கு வந்தது.

நான் உள்ளே பூட்டிய நாலில் மூன்றில் புள்ளிகள் குத்தியிருந்தன. முன்பு எவனோ ஒரு மெக்கானிக் இடம் தெரிவதற்காகக் குத்தியவை: ஒன்றில் ஒரு புள்ளி, ஒன்றில் இரண்டு, ஒன்றில் நாலு. மிச்சத்தில் புள்ளி இல்லை. குத்த மறந்திருப்பான் என்று அதை மூன்றாம் தண்டில் பூட்டினேன். பார்த்தேன், பார்த்தும் அலட்சியமாக விட்டேன்.

மீன் வெட்டும் கத்தியால் துருவைச் சுரண்டினேன். அல்லாவே, புள்ளி இருக்கக் கூடாது. மழுமழுவென்று இருக்க வேண்டும். ஒரு புள்ளி வந்தது. அழுக்காக இருக்கலாம் என்று இன்னும் சுரண்டினேன். இரண்டு. மூன்று.

அப்படியென்றால் உள்ளே இருப்பது சைலன்சர் தகடு. ஐம்பது வருஷம் நெருப்புச் சூட்டில் வெந்த இரும்பு. காதை மடக்கியபோதே விரிசல் விட்டிருக்கும். காது உடைந்தால் போல்ட் கழலும், தண்டு எஞ்சினைப் பிளந்துகொண்டு வரும், கார் நடுறோட்டில் இறுகி நிற்கும். பின்னால் நுரைச்சோலைக்கு நிலக்கரி வேலைக்குப் போகும் லொறிகள் வரும். பிள்ளை றைஸாவின் மடியில் முன் சீட்டில்.

"எப்ப கெடச்சுது இது?"

"திங்கக்கெழம. கருவாடு தரம் பிரிக்கக்குள்ள."

"திங்கக்கெழம கெடச்சத இப்பவா கொண்டு வாற?"

அவர் ஒரு அடி பின்னால் போனார். "நீங்க ஏசுவீங்க எண்டு பயந்திட்டன், மொதலாளி. புள்ளய மடியில வச்சிட்டுப் போறதக் கண்டுதான் மனசு கேக்கல்ல."

இனாஸுக்குப் போன் அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. ஐந்து தரம் அடித்தேன். றைஸாவின் போன் மேசையில் கிடந்து சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

மோட்டார் சைக்கிளை எடுத்தேன். அவ்வளவு பயத்தோடு அந்த றோட்டில் நான் போனதே இல்லை. றோட்டில் எண்ணெய் கொட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன். கூட்டம் கூடியிருக்கிறதா என்று பார்த்தேன். வாயில் வந்த ஓதலெல்லாம் பாதியில் அறுந்து அறுந்து போனது. ஆலங்குடா தாண்டியதும் கறுப்பாக ஒரு கோடு தொடங்கியது. தொட்டுப் பார்க்கத் தேவையில்லை, என் எஞ்சின் எண்ணெய்தான்.

அந்தக் கோட்டின் முடிவில், வெங்காயத் தோட்டத்து வேலியோரம் கார் நின்றது. எஞ்சின் பக்கவாட்டில் கை நுழையும் அளவு ஓட்டை. பொனட்டிலிருந்து புகை. றைஸா வேலி மரத்தடியில் நின்றாள். தோளில் பிள்ளை நித்திரை. பிள்ளையின் முதுகைத் தொட்டு, மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"கோட்ட தாண்டக்குள்ளயே டக்கு டக்கெண்டு சத்தம் வந்திச்சி" என்றாள் றைஸா. "நிப்பாட்டுடா எண்டன். மச்சான் ஏசுவாரு, சத்தத்தோடயே கொண்டு போய்ச் சேத்திருவம் எண்டான்."

"போன எடுக்கல்லயே?"

"நீங்க எண்டு கண்டுதான் எடுக்கல்ல."

இனாஸ் காருக்கு அந்தப் பக்கம் நின்றான். நான் இந்தப் பக்கம் வர, அவன் பின்பக்கமாகச் சுற்றி விலகினான். இருபத்திமூன்று வயது ஆண்பிள்ளை. உயிர் போகிற இடத்திலும் அவன் பயந்தது காருக்கல்ல, லொறிக்குமல்ல, எனக்கு.

"ஏசமாட்டன், வா" என்றேன்.

வரவில்லை.

பையிலிருந்த தகட்டை எடுத்து, "பிழை ஒன்ட இல்ல, இந்தா பார்" என்று நீட்டினேன். அதைப் பிடிக்க முடியாமல் என் கை வெடவெடவென்று நடுங்கியது. தகடு கீழே விழுந்தது. என் கை நடுங்குவதைக் கண்ட பிறகுதான் அவன் கிட்ட வந்தான்.