மொட்டை மாடியிலிருந்து ஒரு பார்வை

எங்கள் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் சட்டம் ஒன்றுதான். மாதம் ஒருமுறை ஒவ்வொரு குழந்தையையும் நேரில் பார்க்க வேண்டும். பார்த்தால் கம்ப்யூட்டரில் பெயருக்கு எதிரே பச்சை, இல்லையென்றால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் எங்கள் மேலாளருக்கு மேலிடத்தில் அர்ச்சனை நடக்கும். அதை அவர் வட்டியும் முதலுமாக எங்களிடம் இறக்கிவைப்பார். ஊழியர்களோ ஒவ்வொருவராகக் கழன்று, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகியிருந்தோம்.

அப்போதுதான் மேலாளருக்கு ஞானோதயம் பிறந்தது. "எவ்வளவு தூரத்துலருந்து பாக்கணும்னு சட்டத்துல எங்கயாவது இருக்கா?"

இல்லைதான். மறுவாரமே எல்லாக் குழந்தைகளையும் எதிரிலிருந்த விளையாட்டு மைதானத்துக்கு வரச்சொல்லி, எங்களை மொட்டை மாடியில் ஏற்றிவிட்டார். குழந்தைக்கொரு நம்பர், எங்களுக்கு ஆளுக்கொரு பைனாகுலர். அவர் கையில் மைக்.

"நாப்பத்தொண்ணு, கையத் தூக்கு! பாத்தாச்சா? பச்சை போடு. அடுத்தது!"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்திலிருந்த ஆபீஸ் தம்பிக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. "இனிமே நேரத்தோட வீட்டுக்குப் போலாங்க்கா" என்றான்.

அடுத்து வந்தது போன வாரம் என் தலையில் கட்டிய கேஸ், ஆறு வயதுப் பெண். மண்டையைப் பிளக்கும் வெயிலில் முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருந்தாள். கையைத் தூக்கச் சொன்னதும், வலது கையை இடது கையால் பிடித்துத் தூக்கினாள். பக்கத்தில் நின்ற அவள் சித்தப்பா எங்களைப் பார்த்துப் பல்லிளித்தார். நான் பைனாகுலரை இறக்கினேன்.

"சார், நான் கீழ போறேன்."

"எதுக்கும்மா? அதான் பாத்தாச்சே."

"அந்தப் பொண்ணு கைக்கு என்னமோ ஆயிருக்கு சார்."

"கீழ போனா ரெண்டாவது விசிட் ஆயிடும். சிஸ்டம் ஒத்துக்காது. அடுத்த மாசம் பாப்போம்."

"உங்க சிஸ்டத்த ஒடப்புல போடுங்க!"

பைனாகுலரை அவர் கழுத்திலேயே மாட்டிவிட்டு ஓடினேன். மைதானத்தின் நடுவில் போகும்போது மேலே மைக் அலறியது. "யாரு குறுக்க ஓடறது? எந்த நம்பர்? சரி சரி, அதுக்கும் பச்சை போடு!"

சித்தப்பாவை ஒதுக்கித் தள்ளிவிட்டு அவள் முன்னால் மண்டியிட்டேன். ஸ்வெட்டர் கையை மெல்ல விலக்கினேன். முழங்கைக்குக் கீழே நீலம் பாரித்து வீங்கியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள்.

"என்னைப் பாத்துக்கற அக்கா நீங்கதானா? வருவீங்கன்னு டீச்சர் சொன்னாங்க. மாடியில எது நீங்கன்னு தெரியல. அதான் எல்லாருக்கும் கையக் காட்டினேன்."